அஞ்சு பெருசா, நாலு பெருசா

ஜன்னலோரத்தை எனக்குக் குடுத்துருங்க அம்மிணி. இந்தப் பக்கம் உக்காந்தா போறவன் வர்றவனெல்லாம் கையை இடிப்பான். கட்டைப் பிரிச்சுட்டாங்க, ஆனா வலி மட்டும் உட மாட்டேங்குது. நெம்பச் சந்தோசமுங்க.

எப்படி ஒடஞ்சுதுன்னுதானே பாக்கறீங்க? எண்ணெயினாலங்க. வழுக்கி விழுந்துட்டேன்னு நெனச்சுக்காதீங்க. சமையக்கட்டுல என்ற கையில இருந்து ஒரு சொட்டுச் சிந்துனதில்ல. இது ஜீப்புக்கு ஊத்தற எண்ணெய். உள்ளதைச் சொல்லோணும்னா எண்ணெயினாலகூட இல்லீங்க. ஒரு பொம்பளை வாயினால. துளசிமணின்னு பேரு. என்ற கொழுந்தனாரு சம்சாரம். எனக்கு ஓரகத்தி.

எங்கூட்டுக்காரரும் கொழுந்தனாரு மகுடபதியும் சேந்து வாங்குன ஜீப்புங்க அது. ஆழியாத்துல இருந்து மேல எஸ்டேட்டுக்கு ஆளுகளையும் மளிகைச் சாமானையும் ஏத்தீட்டுப் போகும். கொழுந்தனாருதான் ஓட்டுவாரு. தங்கமான மனுசன். ஒரு நாள் நெஞ்சைப் புடிச்சுட்டு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. சரி, புருசன் போயிட்டான், ஒரு பொட்டப்புள்ளையை வெச்சிருக்கறா, மூலையில உக்காந்து அழுவான்னு பாத்தா, இவ கருமாதி முடிஞ்ச கையோட டிரைவிங் பழகப் போறாளுங்க! லைசென்ஸும் வாங்கீட்டா. எங்க சாதிசனத்துல எந்தப் பொம்பளைங்க ஜீப்பு ஓட்டுனா? சீலையை முட்டி தெரியத் தூக்கிச் செருகீட்டு, கொழுந்தனாரோட பழைய சட்டையை மேல மாட்டீட்டு, ஆரன் அடிச்சுக்கிட்டு ஊருக்குள்ள வருவா. எனக்குக் கூசும். அவளுக்குக் கூசாது.

செரி, ஓட்டித் தொலைன்னு உட்டுட்டம். அப்பறம் ஒரு நாள் வண்டிக்கு எண்ணெய் மாத்தோணும்னு பொள்ளாச்சிக்குப் போனா. என்ஜினுக்கு இல்லீங்க, அது வேற. கியர் பொட்டிக்கு ஒண்ணு. அப்பறம் பின்னால ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இரும்புக் குண்டா மாதிரி ஒண்ணு தொங்கும் பாருங்க, டிப்ரன்ஷல்னு சொல்றாங்க, அதுக்கு ஒண்ணு. கடைக்காரன் ஒரே டப்பாவைக் குடுத்து, ரெண்டுக்கும் இதையே ஊத்தும்மான்னுட்டான். இவளும் ஊத்திட்டு வந்துட்டா. கொஞ்ச நாள்லயே கியரு விழுக மாட்டேங்குது, கர்ர்ருன்னு கத்துது. எனக்கு உள்ளுக்குள்ள குளுகுளுன்னு இருந்துதுங்க. மறைக்கறதுக்கு என்ன இருக்குது?

அவ என்ன பண்ணுனா தெரியுமுங்களா? எங்கூட்டு வாசல்ல வந்து நிக்கறா. எங்கூட்டுக்காரரு இருக்கறாரு, பால்காரன் இருக்கறான், பக்கத்து ஊட்டுச் சனமெல்லாம் நிக்குது. அத்தனை பேரு முன்னாடியும், "மாமா, தப்பு என்னோடதுங்க. நல்லா விசாரிக்காம ஊத்திட்டேன். அதையெல்லாம் எறக்கீட்டு வேற ஊத்தியாச்சு, இனிமே செரியா இருக்கும்"ங்கறா.

ஏனுங்க அம்மிணி, தப்புப் பண்ணுனா ஆராச்சும் வாசல்ல நின்னு தமுக்கடிப்பாங்களா? நானா இருந்தா கடைக்காரன் தலையில போட்டுட்டுப் பேசாம இருந்திருப்பேன். அவன்தானே குடுத்தான்? மானம் ரோசம் இருக்கறவளுக்கு அதுதானே தோணும்?

அதோட போனாளா? எங்கூட்டுக்காரருக்குப் பாடம் எடுக்க ஆரம்பிச்சுட்டா. டப்பா மேல ஜி.எல்.னு போட்டு நாலு, அஞ்சுன்னு நம்பரு இருக்குமாம். "கியர் பொட்டிக்குள்ள பித்தளை வளையம் இருக்குதுங்க மாமா. கியரு மாத்தறப்ப அது உரசிப் புடிச்சாத்தான் ரெண்டு பல்சக்கரமும் ஒரே வேகத்துக்கு வந்து கியரு விழுகும். அஞ்சாம் நம்பரு எண்ணெயில கந்தகக் காரம் ஜாஸ்தி, அது பித்தளையைத் திங்கும். வழுவழுப்பும் ஜாஸ்தி, வளையம் புடிக்காம வழுக்கும். அதனால நம்ம வண்டி கியர் பொட்டிக்கு நாலு. டிப்ரன்ஷல்ல பல்லோட பல்லு அமுங்கித் தேயும், அங்க காரமான அஞ்சுதான் தாங்கும். நாலை ஊத்துனா பல்லு போயிரும்."

எங்கூட்டுக்காரரு வாயைத் தொறந்துட்டுக் கேக்கறாருங்க! நான் இத்தனை வருசமாப் பேசறேன், ஒரு நாளாச்சும் அப்படிக் கேட்டிருப்பாரா? பித்தளையாமா, வளையமாமா. பாத்திரக் கடை வெச்சிருக்கறவளாட்டம் பேச்சு. எண்ணெய்னா எண்ணெய். தோசைக்கு ஒண்ணு, தலைக்கு ஒண்ணுன்னு ஆம்பளைக்குப் பொம்பளை சொல்லலாம். ஜீப்புக்கு வந்து சொல்றதா?

எனக்கு ஒரே பையனுங்க. லோகேஷ். அறிவுன்னா அறிவு, அப்படி ஒரு அறிவு. வேலைதான் அமையல. அவன்ற தப்பில்லீங்க. திருப்பூருல சூப்பர்வைசருக்கு இவனைக் கண்டா பொறாமை. கோயமுத்தூருல மொதலாளிக்கு மரியாதை தெரியல. செல்போன் கடையில சேத்து உட்டம், அங்க வர்ற சனத்துக்கு வாய் சுத்தமில்ல. ஊட்டுக்கு வந்துட்டான். வந்த புள்ளை சும்மா படுத்துக் கெடக்குது, எவளோ ஒருத்தி எங்க ஜீப்பை ஓட்டீட்டுத் திரியறான்னா பெத்தவளுக்கு எப்படி இருக்கும்?

எங்கூட்டுக்காரரு காதுல ஓதிக்கிட்டே இருந்தனுங்க. சோறு போடறப்ப ஓதுவேன், படுக்கறப்ப ஓதுவேன். கடைசியில, "உன்ற வாய்க்குப் பயந்தே செத்துருவேன் போலிருக்குது"ன்னுட்டுப் போயி அவகிட்டச் சாவியைக் கேட்டுட்டாரு. அழுவா, சண்டைக்கு வருவா, நாலு வார்த்தை நல்லாக் குடுக்கலாம்னு நானும் கூடவே போனேன். அவ அழுகலீங்க. உள்ள போயிச் சாவியைக் கொண்டாந்து லோகேஷ் கையில குடுத்தா.

"லோகு, எண்ணெய் மாத்தற சமயம் வந்துருச்சு. ரெண்டு டப்பாவும் பின் சீட்டுக்கு அடியில வாங்கி வெச்சிருக்கறேன். நாலு கியர் பொட்டிக்கு, அஞ்சு டிப்ரன்ஷலுக்கு. பாத்து ஊத்து சாமி. நான் ஒருக்கா ஏமாந்துட்டேன், நீயும் ஏமாந்துறாதே"ன்னா.

"என்ற பையனுக்கு நீ சொல்லித் தர வேண்டாம்"னு நான் சொன்னேன். நல்லாத்தானே சொன்னேன்?

ஊட்டுக்கு வந்து அவன் டப்பாவை எடுத்துப் பாத்துட்டு ஒரு சிரிப்புச் சிரிச்சான் பாருங்க. "ஏம்மா, அஞ்சு பெருசா, நாலு பெருசா?"ன்னான்.

"அஞ்சுதாண்டா கண்ணு."

"பெரிய நம்பரு இருக்கறப்ப எவனாச்சும் சின்ன நம்பரை ஊத்துவானா? சித்திக்கு ஒண்ணுந் தெரியல."

எத்தனை சட்டுன்னு புடிச்சான் பாருங்க! இன்னொரு அஞ்சாம் நம்பரு டப்பா வாங்கீட்டு வந்து ரெண்டுலயும் அஞ்சே ஊத்திட்டான். மிச்சமான நாலாம் நம்பரை நான் எடுத்து வெச்சுக்கிட்டேன். மாட்டுக் கொட்டாய் கதவுக் கீலுக்கு ஊத்துனேன். இப்ப அந்தக் கதவு சத்தமே போடறதில்லீங்க.

மழைக்காலம் பூரா அவன்தான் ஓட்டுனான். கியரு போடறப்ப கர்ர்ர்ருன்னு ஒரு சத்தம் வரும். தெருமொனையில வர்றப்பவே கேக்கும். எனக்கு அது நல்லாத்தான் இருந்துதுங்க. ஆம்பளை ஓட்டறான்னு நாலு பேருக்குத் தெரியோணுமல்ல? அவ ஓட்டறப்ப பூனை வர்றாப்புல வருவா.

ஒரு நாள் சாயங்காலம் துளசிமணி வந்தா. ஜீப்பு போனதும் ஆர்கிட்டயோ கெஞ்சித் தேங்காய் ஏத்தற குட்டி வண்டி ஓட்டீட்டு இருந்தா. அதை ரோட்டோரமா நிறுத்தீட்டு நடந்து வந்தா. "அக்கா, கோவிச்சுக்காதீங்க. லோகு வண்டி என்னைத் தாண்டிப் போச்சு. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பித்தளை தேயற சத்தம். எந்த எண்ணெய் ஊத்துனான்னு கேளுங்க. அதுவரைக்கும் மலைக்குப் போக வேண்டாமுங்க. எறக்கத்துல கியரு விழுகலீன்னா உசுருக்கே ஆபத்து."

நல்ல நாளும் அதுவுமா, வெளக்கு வெக்கற நேரத்துல, ஊட்டு வாசல்ல நின்னு உசுருக்கு ஆபத்துங்கறா! எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிச்சு. "சாவி போயிருச்சுன்னு வயித்தெரிச்சல்ல சாபம் குடுக்கறயா? புருசனைத் தின்னவ, இப்ப என்ற புள்ளை மேல கண்ணு வெக்கறயா?"ன்னு கேட்டேன்.

ஆமாங்க, கேட்டேன். ஏன் அப்படிப் பாக்கறீங்க? கோவத்துல வர்றதுதானே. அவ செருப்பை மாட்டீட்டுப் போயிட்டா.

அடுத்த வாரம் மேல எஸ்டேட்டு அம்மன் கோயில்ல பொங்கல் வெக்கற திருவிழாங்க. என்ற அக்கா ஊட்டு ஆளுகெல்லாம் அங்க வருவாங்க. லோகேஷ் வண்டி ஓட்டறதை அவங்க பாக்கோணும்னு எனக்கு ஆசை. "அம்மா, கியரு கொஞ்சம் மொரண்டு பண்ணுது, பஸ்ல போயிக்கலாமா?"ன்னுகூடக் கேட்டான். "நம்ம வண்டி இருக்கறப்ப பஸ்ஸா? என்ற அக்கா சிரிக்க மாட்டாளா?"ன்னேன். பட்டுச்சீலை கட்டீட்டு முன் சீட்டுல உக்காந்தேன். நானும் அவனுந்தான் போனம்.

போறப்ப ரெண்டு மூணு வளைவுல கத்துச்சு, எப்படியோ ஏறிருச்சு. சாமி கும்புட்டு, சாப்புட்டு, எல்லாருகிட்டயும் சொல்லீட்டு மத்தியானம் எறங்கறம். ஒரு எறக்கத்துல மூணுல இருந்து ரெண்டுக்குப் போடறானுங்க, விழுகல. மறுபடியும் போடறான், கர்ர்ருங்குது, விழுகல. திரும்ப மூணுக்கும் போக மாட்டேங்குது. எந்தக் கியருலயும் இல்லாம வண்டி தானா ஓட ஆரம்பிச்சுருச்சு. பிரேக்கை மிதிக்கறான், மிதிக்கறான், கருகுன வாசந்தான் வருது. வலது கைப் பக்கம் பள்ளம். கீழ டேம் தண்ணி ஒரு கண்ணாடித் துண்டு மாதிரித் தெரியுது.

"அம்மா, கெட்டியாப் புடிச்சுக்கோ"ன்னான். சின்ன வயசுல கெணத்துப் படியில வழுக்கி, கல்லைப் புடிச்சுத் தொங்கிட்டு ஒருக்கா என்னையக் கூப்புட்டான். அதே கொரலுங்க.

வண்டியை மலைப்பக்கம் ஒடிச்சு மண்மேட்டுல மோத உட்டான். அதுல போச்சு இந்தக் கை. அவனுக்கு நெத்தி கிழிஞ்சுது. மூஞ்சியெல்லாம் ரத்தத்தோட, "அம்மா, அம்மா"ன்னு என்னையப் புடிச்சு உலுக்கறான்.

அப்பப் பாத்து ஆரு வர்றாங்கறீங்க? அவதான். எஸ்டேட்டுக்குத் தேங்காய் ஏத்தீட்டு மேல வந்துட்டு இருந்தா. வண்டியை நிறுத்தீட்டு ஓடியாந்தா. அவ துண்டைக் கிழிச்சு, ஒரு தென்ன மட்டையை வெச்சு என்ற கையைக் கட்டுனா. அழுக்குத் துண்டுங்க, எண்ணெய் வாசம் வேற. தேங்காயெல்லாம் ரோட்டோரத்துலயே எறக்கிப் போட்டுட்டு எங்களை ஏத்தீட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா. வழியில 'அன்னைக்கே சொன்னனே'ன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தான்னா நான் நாக்கைப் புடுங்கீட்டுச் சாகறாப்புலக் கேட்டிருப்பேன். சொல்லலீங்களே. அத்தனை திமிரு!

கட்டுப் போட்டுட்டு ஊட்டுல கெடந்தப்ப தெனமும் வந்தா. கூப்புட்டது ஆரு? நான் கூப்புடல. எங்கூட்டுக்காரருக்கு அடுப்புப் பத்த வெக்கத் தெரியாது, அதனால வாயை மூடிட்டு இருந்தேன். சோத்தைக் கொழைய வடிச்சு ஊட்டி உட்டா. நான் என்ன பல்லுப் போனவளா? தலை சீவுனா இழுத்து இழுத்துச் சீவுவா. சீலை கட்டி உட்டா கொசுவம் கோணலாத்தான் இருக்கும். என்னைக் குளிப்பாட்டி உடறப்ப மட்டும் தண்ணியைப் பதமா வெளாவியிருப்பா, அது ஒண்ணைச் சொல்லலாம். ஊரு மெச்சோணும்னு பண்றது, வேற என்ன?

அப்பறம் எங்க ஒறம்பரைக, சொந்தக்காரங்கெல்லாம் கூடுனாங்க. வண்டியை இனிமே ஆரு வெச்சுக்கறதுன்னு பேசறதுக்கு. எங்கூட்டுக்காரரோட தாய்மாமன் ஆறுச்சாமி மாமா வந்திருந்தாரு. அவரு சொன்னா ஆரும் தட்ட மாட்டாங்க. கியர் பொட்டியைக் கழட்டிப் பாத்த மெக்கானிக்கு அந்தப் பித்தளை வளையங்களைக் கொண்டாந்து முன்னால வெச்சான். தேஞ்சு மொட்டையாக் கெடந்துது. பழைய வண்டின்னா தேயத்தானுங்களே செய்யும்?

மாமா கேக்கறாரு. "ஏம்ப்பா லோகேசு, கியர் பொட்டிக்கு என்ன எண்ணெய் ஊத்துனே?"

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். என்ற புள்ளை பத்துப் பேரு முன்னாடி தலை குனியறதைப் பாத்துட்டு நான் சும்மா இருப்பனா? "அவ குடுத்த டப்பாவைத்தான் மாமா ஊத்துனான். துளசிமணி என்ன வாங்கி வெச்சிருந்தாளோ அதைத்தான் ஊத்துனான். அவளைக் கேளுங்க"ன்னேன்.

எல்லாரும் அவளைப் பாக்கறாங்க. அவ என்னையப் பாக்கறா. கையில எனக்குக் கரைச்சுக் கொண்டாந்த கம்மங்கூழு டம்ளரு. வாயைத் தொறந்து மறுத்துப் பேசுவா, அப்பப் புடிச்சுக்கலாம்னு நானும் தயாரா இருக்கறேன். அவளோ, டம்ளரை என் பக்கத்துல வெச்சுட்டு உக்காந்துட்டா.

பேசுனது ஆருங்கறீங்க? நான் பெத்தது.

எந்திரிச்சு நின்னானுங்க. நெத்தியில தையல் போட்ட தழும்போட. "அம்மா சொல்றது பொய்யிங்க தாத்தா. சித்தி சரியாத்தான் சொன்னாங்க, சரியாத்தான் வாங்கி வெச்சிருந்தாங்க. நான்தான் பெரிய புடுங்கியாட்டம் மாத்தி ஊத்துனேன். சத்தம் வந்தப்பவே எனக்குத் தெரியும், தப்புன்னு. சொல்ல வெக்கமா இருந்துது. தப்பு என்னோடதுங்க"ன்னான்.

பத்துப் பேரு முன்னாடி, அம்மிணி. ஆத்தாளைப் பொய்க்காரியாக்கிட்டான். அவனுக்காகத்தானே சொன்னேன்? எனக்கா சொன்னேன்? பெத்த வயிறு எப்படி எரிஞ்சிருக்கும்! அதுலயும் பாருங்க, அந்த வார்த்தை. 'தப்பு என்னோடது.' அவ வாசல்ல நின்னு சொன்ன அதே வார்த்தை. எங்கிருந்துங்க படிச்சான்? நான் சொல்லிக் குடுக்கலியே!

ஆறுச்சாமி மாமா வேற, "இப்பத்தான்டா நீ ஆம்பளை"ன்னு அவன்ற முதுகைத் தட்டறாரு. வயசானா புத்தி மழுங்கிருமல்ல.

வண்டியை அவளுக்கே குடுத்துட்டாங்க. எங்கூட்டுக்காரரே அவ பேருக்கு எழுதிக் குடுத்துட்டாரு. என்னைய ஒரு வார்த்தை கேக்கல. அவ வளையமெல்லாம் புதுசு போட்டு, மறுபடியும் பூனையாட்டம் ஓட்டறா. புள்ளைக்குப் பள்ளிக்கூடம் பக்கமா இருக்கட்டும்னு அங்கலக்குறிச்சியில ஊடு புடிச்சுட்டுப் போயிட்டா. அந்தக் கூட்டத்துக்கு மறுநாளும் எனக்குச் சோறு ஊட்ட வந்தாளுங்க. கதவைச் சாத்தீட்டேன். சோத்துத் தூக்குப்போசியை வாசல்ல வெச்சுட்டுப் போயிட்டா. அப்பறம் வரல. நானும் பேசல.

லோகேஷ் பொள்ளாச்சியில ஒரு ஒர்க்‌ஷாப்புல இருக்கறான். நெகக் கண்ணெல்லாம் கிரீஸு. நான் பெத்து வளத்தது இதுக்கா? ஆச்சரியம் என்னன்னா, அங்க நெலைச்சு நிக்கறானுங்க. சண்டையில்ல, பொறாமையில்ல. அங்கயே ரூம்புல தங்கிக்கறான். ஊட்டுக்கு வாடா கண்ணுன்னு போனுல கூப்புட்டா, "வர்றேம்மா. நீ மொதல்ல சித்திகிட்டப் பேசு"ங்கறான். அந்த ஒரே பேச்சு. தீவாளிக்குக் கூப்புட்டேன், அதே பேச்சு. கூட்டத்தைக் கூட்டி அவமானப்படுத்துனது அவங்க, நான் போயிப் பேசோணுமாமா! எதுக்குங்க பேசோணும்? நான் என்ன கெட்டுப் போயிட்டேன்? சொல்லுங்க பாக்கலாம். நீங்களும் படிச்ச புள்ளையாட்டம் தெரியறீங்க, இத்தனை நேரமாக் கேக்கறீங்க, ஒரு வார்த்தை 'ஆமாங்க'ன்னு சொன்னீங்களா?

ஏனுங்க கண்டக்டரே, அங்கலக்குறிச்சி வந்துருச்சுங்களா? நிறுத்துங்க, எறங்கோணும்.

கொஞ்சம் காலை ஒதுக்கிக்குங்க அம்மிணி. ஆமாமா, பொள்ளாச்சிக்குத்தான் போறேன், பையனைப் பாக்கத்தான். அடுத்த பஸ்ஸுல போயிக்குவேன். அவ ஊட்டு வாசல்ல நின்னு மூஞ்சிக்கு நேரா ஒரு வார்த்தை கேக்காம எனக்கு மனசு ஆறாதுங்க.

என்ன வார்த்தையா? அதை எதுக்கு உங்ககிட்டச் சொல்லோணும்? ஸ்டாப்புல இருந்து அவ ஊட்டுக்குக் கொஞ்சம் நடக்கோணுமுங்க. நடக்கறப்ப வந்துரும்.